பிரசங்கமும் சொற்பொழிவும்

கொழும்பு நகரத்துச் சைவ ஆலயங்களின் விழா அறிவித்தல்களை ஊன்றி நோக்குவார்க்கு ஒரு சொல் மெல்ல வழக்கொழிந்தமை புலனாகும். கொட்டாஞ்சேனையிலாயினும், பம்பலப்பிட்டியிலாயினும், வெள்ளவத்தையிலாயினும், முன்னர்ச் ‘சைவப் பிரசங்கம்’ என்று அச்சிடப்பெற்ற இடத்தில், பின்னர்ச் ‘சமயச் சொற்பொழிவு’ என்பது வந்தமர்ந்தது. அண்மைக் காலத்தில் அதுவும் ‘ஆன்மிக உரை’, ‘சிறப்புரை’ என்பனவற்றுக்கு இடங்கொடுத்து ஒதுங்குகின்றது. வடசொல் நீங்கித் தமிழ்ச்சொல் ஏறியது மொழிப்பற்றாளர்க்கு மகிழ்ச்சி தருவதே. எனினும், சட்டை மாறியதோடு ஆளும் மாறினானோ என்னும் ஐயம் எழுதல் இயல்பு.

‘பிரசங்கம்’ என்னும் வடசொல்லுக்குச் சார்பு, தொடர்பு, நேர்ந்த சந்தர்ப்பம் என்பன பொருள். ஒரு காரணம்பற்றி, ஒரு கூட்டத்தாரைச் சார்ந்து, அவர்க்கு வேண்டிய ஒன்றை எடுத்துரைப்பது பிரசங்கம். ‘சொற்பொழிவு’ என்பதோ மழையை நினைவூட்டுவது. மழை, வயல் என்றும் வீதி என்றும் பாராது பொழியும். நனைந்தவர் வீடு சென்று தலை துவட்டிக்கொள்வர். பிரசங்கம் கேட்டவன் ஒன்றைச் செய்யவோ விடவோ வேண்டியவனாகின்றான். சொற்பொழிவு கேட்டவன் ‘நன்றாகப் பேசினார்’ என்று சொல்லிவிட்டால் அவன் கடன் தீர்ந்தது. சொல்லாராய்ச்சியிலிருந்து வரலாற்றை வருவித்தல் ஆபத்தான முயற்சியே. ஆயினும், இவ்விடத்தில் வரலாறே அவ்வாராய்ச்சிக்குச் சான்று பகர்கின்றது.

சமயப் பேச்சைக் கேட்பார் அருகிவிட்டனர் என்றும், உலகியல் நாட்டம் மிகுந்தமையே அதற்குக் காரணம் என்றும் கூறுதல் இன்று சைவ சபைகளின் வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கை அப்படியே ஏற்றுக்கொள்ளுதல் எளிது. ஏற்றுக்கொண்டால் பேசுவோர்பால் ஒரு குற்றமும் இல்லையாகும். உண்மை அத்துணை எளிதன்று. சைவப் பிரசங்கம் இந்நாட்டிற் பிறந்தது கேட்போர் உறுதியாகக் கிடைத்த காலத்திலன்று. கேட்போர் கைநழுவிப் போய்க்கொண்டிருந்த காலத்திலேயாம். இதனை மறந்தமையே பிற்காலத்து நலிவுக்கு முதற் காரணம் எனலாம்.

பிரசங்கத்துக்கு முன்னர் யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே நிலவியது புராண படனம். கந்தபுராணமோ, பெரியபுராணமோ, திருவாதவூரடிகள் புராணமோ உரிய காலத்தில் ஏடு விரிக்கப்பெறும். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்வார். பயன் சொல்லும் புலவர் எத்துணை வல்லவராயினும் ஏட்டை விட்டு அப்பாற் செல்லார். செல்லின், வாசிப்பவர் அடுத்த செய்யுளைத் தொடங்கிவிடுவார். அவையோர் யாவரும் கதையை அறிந்தவர்கள். அறிந்ததை மீண்டும் கேட்டலே அங்குப் பேறாகக் கருதப்பட்டது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்தார் வாழ்க்கை முறையைக் ‘கந்தபுராண கலாசாரம்’ எனப் பெயரிட்டு வழங்கியது இதுபற்றியே. ஐயமற்ற ஒரு சமூகத்தின் கலை அது. ஐயம் புகுந்தபோது அது போதாதாயிற்று.

ஐயத்தைப் புகுத்தியவர் மிஷனரிமார். வெஸ்லியன் சங்கத்தார் 1814 இலும் அமெரிக்க மிஷனார் 1816 இலும் இலங்கை போந்தனர். அவர்கள் பள்ளிக்கூடம் வைத்தனர், அச்சியந்திரம் கொணர்ந்தனர், சந்தியிலும் சந்தையிலும் நின்று பேசினர். பேசியவர்கள் ஏட்டில் அடுத்து வரும் செய்யுளுக்கு விளக்கம் கூறவில்லை. ஒரு பொருளை எடுத்து, அதனைப் பகுத்து, எதிர்க்கட்சியை மறுத்து, கேட்போனை நோக்கி ‘நீ என்ன செய்யப் போகின்றாய்?’ என வினவி முடித்தனர். தமிழ் நாவுக்கு இவ்வமைப்புப் புதிது. தருக்க நூல்களில் மறுப்பும் நிறுவுதலும் இருந்தன. ஆனால் அவை கற்றோர் கற்றோரிடத்துப் பேசியவை. கல்லாதானையும் நீதிபதியின் இருக்கையில் இருத்தி அவன்முன் வழக்குரைத்தல் மிஷனரிமார் கொணர்ந்த முறை.

நல்லூர் ஆறுமுகநாவலர் (1822–1879) இம்முறையை அதன் உலைக்களத்திலேயே நின்று பயின்றவர். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பாடசாலையில் ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியார்க்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைபுரிந்த காலத்து, அவர் கற்றுக்கொண்டது ஆங்கில மொழி மட்டுமன்று; ஒரு சமயம் தன்னை எங்ஙனம் பொதுமக்கள்முன் நிறுத்திக்கொள்கின்றது என்னும் உபாயத்தையும் கற்றார். 1847 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31 ஆம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் அவர் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். அப்பொழுது அவர்க்கு வயது இருபத்தைந்து. அன்று முதல் வெள்ளிதோறும் அது தொடர்ந்தது. மிஷனரிமார்க்கு ஞாயிறு எதுவோ அது சைவர்க்கு வெள்ளியாயிற்று.

கொள்ளுப்பிட்டியில் மெதடிஸ்த திருச்சபையாரின் ஆலயத்தைக் கடந்து பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்குச் செல்லும் சைவ அன்பர்களுள், இவ்விரண்டிடத்தும் நிகழும் உரைகள் ஒருவகையில் உடன்பிறந்தவை என்பதை அறிந்தவர் சிலரே. அமெரிக்க அறிஞர் பர்னார்ட் பேட், பிற்காலத்துத் தமிழ் மேடைப் பேச்சு முழுவதற்கும், அரசியற் பேச்சு உட்பட, புரட்டஸ்தாந்தப் பிரசங்கமே வித்து என்று நிறுவ முயன்றார். அவர் மறைந்த பின்னர் 2021 இல் வெளிவந்த அவரது நூல் இப்பொருள் பற்றியது. அவர் கூற்றிற் பெரும்பகுதி ஒப்புக்கொள்ளத்தக்கது. ஆயினும் வித்து ஒன்று, நிலம் வேறொன்று என்பதை மறத்தலாகாது. நாவலர் பிரசங்கத்தின் அமைப்பு வெஸ்லியனுடையதாயினும், அதன் சொல்வளம் புராண படனத்திலும் சித்தாந்த சாத்திரத்திலும் ஊறியது. கடன்வாங்கிய பாத்திரத்தில் வீட்டுச் சோறு என்பது பொருந்தும். அதனைக் கடன் என்று சொல்வதால் நாவலர்க்கு இழுக்கில்லை. பகைவனிடத்தும் கற்கும் துணிவு இருந்தமையாலன்றோ அவர் நாவலர் ஆனார்!

இம்மாற்றம் சைவர்க்கு மட்டும் நேர்ந்ததன்று. கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராமய விகாரையிலிருந்து பேசிய மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் கதையும் இதுவே. விசிறியை முகத்தின்முன் ஏந்தி, ஆசனத்திலமர்ந்து, அசைவின்றிப் ‘பண’ ஓதுதல் பௌத்த மரபு. குணானந்தரோ எழுந்து நின்று, கைவீசி, எதிரியைப் பெயர்கூறி அழைத்து வாதிட்டார். 1873 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பாணந்துறையில் இரண்டு நாட்கள் நிகழ்ந்த வாதத்தைப் பல்லாயிரவர் கூடிக் கேட்டனர். அவ்வாதத்தின் செய்தி கடல்கடந்து சென்றமையே கர்னல் ஒல்கொட் 1880 இல் இந்நாட்டுக்கு வரக் காரணமாயிற்று. ஒரே நூற்றாண்டில், ஒரே தீவில், இருவேறு பழஞ்சமயங்கள் அமர்ந்து ஓதுதலை விட்டு நின்று பேசக் கற்றன. கொட்டாஞ்சேனையைச் சுற்றிவரும் ஒருவன், சாந்த லூசியாள் பேராலயம், குணானந்தர் விகாரை, பொன்னம்பலவாணேசர் கோயில் ஆகிய மூன்றையும் ஒரு மாலைப் பொழுதிற் காணலாம். அங்கே நிகழும் கத்தோலிக்க உரை இன்று ‘மறையுரை’ எனத் தமிழ்ப்பெயர் பூண்டிருத்தலும் கவனிக்கத்தக்கது.

நாவலர் பிரசங்கத்தின் உயிர் எங்கிருந்தது என்பதே இனி நோக்கத்தக்கது. அவர் கிறித்தவர்க்கு விடையிறுத்தமையையே பலரும் பெரிதாகப் போற்றுவர். 1854 இல் வெளிவந்த ‘சைவதூஷண பரிகாரம்’ அதற்குச் சான்று. ஆனால் அவர் நாவின் கூர்மை முழுவதும் பிறசமயத்தார்மேல் மட்டும் பாய்ந்ததன்று. தம் சமயத்தாரின் அறியாமை, குருமார் சிலரின் கல்வியின்மை, கோயில் தருமகர்த்தாக்களின் பொறுப்பின்மை, விழாக்களிற் புகுந்த களியாட்டு என்பவற்றை அவர் இரக்கமின்றிச் சாடினார். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் நடைமுறைகள் சில ஆகமத்துக்கு மாறானவை என வெளிப்படையாகக் கண்டித்தார். 1872 இல் எழுதிய ‘யாழ்ப்பாணச் சமயநிலை’ முழுவதும் சைவர்க்கே கூறப்பட்ட கண்டனம். தன் கூட்டத்தார் முகம் சுளிக்கவும், தனக்கு உபகாரிகளாயுள்ளோர் சினக்கவும் பேசுதல் பிரசங்கியின் இலக்கணம் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார். இவ்விலக்கணத்தைக் கொண்டு இன்றைய மேடையை அளந்தால் தேறுவோர் எத்துணையர்?

அப்பிரசங்கம் பேச்சளவில் நின்றுவிடவுமில்லை. 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றியது. 1849 இல் அவர் சென்னை சென்று அச்சியந்திரம் கொணர்ந்தார். அவ்வாண்டே திருவாவடுதுறை ஆதீனத்தார் ‘நாவலர்’ பட்டம் அளித்தனர். 1877 அளவில் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டித் தருமம் எழுந்தது. 1879 இற் சட்டநிரூபண சபைக்குப் பொன்னம்பலம் இராமநாதன் செல்லவேண்டுமென்று அவர் ஊரைத் திரட்டினார். பள்ளியும் அச்சும் அன்னமும் அரசியலும் அவ்வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தின் பிள்ளைகள். பின்னர் நிகழ்ந்தது என்னவெனின், பிள்ளைகள் வளர்ந்து தனிக்குடித்தனம் போயின. தாயின் வீடு வெறுமையாயிற்று.

பள்ளிக்கூடம் முதலிற் போயிற்று. சைவ பரிபாலன சபை 1888 இலும், சைவ வித்தியாவிருத்திச் சங்கம் 1923 இலும் தோன்றிப் பிரசங்கியின் போதனைப் பணியை ஆசிரியன் கையில் ஒப்புவித்தன. சுவாமி விபுலானந்தர் (1892–1947) போன்ற பேரறிஞர் மேடையினும் பாடசாலையையே பெரிதாக மதித்தனர். 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது சைவம் பாடத்திட்டத்துள் ஒரு பாடமாயிற்று. இன்று ‘சைவநெறி’ சாதாரண தரப் பரீட்சையில் ஒரு வினாத்தாள். சமயகுரவர் நால்வரும் மதிப்பெண்ணுக்கு உரியராயினர். தத்துவம் முப்பத்தாறு என மனப்பாடம் செய்த மாணாக்கனிடத்து, அவற்றுள் ஒன்றேனும் அவனைத் தொட்டதோ என்று வினவ ஒருவரும் இல்லை. வினாத்தாளில் அவ்வினா வராது. ஞாயிறு காலையில் அறநெறிப் பாடசாலை ஒருபுறமும் கணித வகுப்பு மறுபுறமும் அழைக்கும்போது, வெள்ளவத்தைப் பெற்றோர் எதனைத் தெரிவர் என்பது கூறவேண்டியதன்று. அவர்களைக் குறைகூறுதலும் நியாயமன்று. வேறெதுவும் உறுதியாயில்லாத சிறுபான்மையினர்க்குக் கல்வியொன்றே உறுதிப்பொருளாயிற்று.

மொழியும் இடமும் மாறின. சுவாமி விவேகானந்தர் மேனாட்டிலிருந்து மீண்டு, 1897 ஆம் ஆண்டு ஜனவரி 15 இற் கொழும்பில் இறங்கி, மறுநாள் புளோரல் மண்டபத்திற் பேசினார். கீழைநாட்டில் அவர் செய்த முதற் பொதுவுரை அது. கோயில் மண்டபத்திலன்று, நகர மண்டபத்தில், தமிழிலன்று, ஆங்கிலத்தில். கேட்டவர்கள் வழக்கறிஞரும் அரசாங்க உத்தியோகத்தரும் முதலாய ஆங்கிலம் வல்லோர். தம் சமயம் பிறர் மதிப்புக்கு உரியது என்பதை அவ்வுரையிலே அவர்கள் கேட்டுத் தலைநிமிர்ந்தனர். 1902 இல் தோன்றிய கொழும்பு விவேகானந்த சபையும், பின்னர் வந்த இராமகிருஷ்ண மிஷனும் அந்த எழுச்சியின் பயன்கள். அவற்றின் பணி பெரிது. அகில இலங்கைச் சைவசமய பாடப் பரீட்சையை விவேகானந்த சபை நடத்திவந்ததை மறக்கலாகாது. ஆயினும் ஒரு வேறுபாடு நுழைந்துவிட்டது. நாவலர் ‘நீ திருந்து’ என்றார். புதிய உரை ‘நீ பெருமைப்படு’ என்றது. அடிமைப்பட்ட மக்களுக்குப் பெருமிதம் மருந்து. நோய் நீங்கிய பின்னரும் அம்மருந்தையே உணவாக்கிக்கொண்டமைதான் பிழை.

பிரசங்கியின் மிகப் பெரிய உடைமையாகிய மேடைத் தமிழை அரசியல் கைப்பற்றியது. தமிழகத்தில் 1925 இல் எழுந்த சுயமரியாதை இயக்கமும், அதன் வழிவந்த கழகங்களும் செந்தமிழை மாலைக் கூட்டங்களின் விருந்தாக்கின. கடவுளை மறுத்த நாவே அடுக்குமொழியிற் சைவ நாவினை வென்றது. ஈழத்திலும் 1949 இல் தமிழரசுக் கட்சி தோன்றியபின் அந்நிலையே. 1956 ஆம் ஆண்டு ஜூன் மாதம், தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்துக் கொள்ளுப்பிட்டிக்கு வடக்கே காலிமுகத் திடலிற் சத்தியாக்கிரகம் செய்தோர் அடிபட்டபோது, தமிழ்க் கேட்போனின் நெஞ்சம் எந்த மேடையை நோக்கித் திரும்பியிருக்கும் என்பது வெளிப்படை. அன்று அவன் உயிர்க்கும் மொழிக்கும் நேர்ந்த இடர்பற்றிப் பேசியவர் அரசியலாளர். சைவ மேடையில் அதே வாரத்திலும் காரைக்காலம்மையார் மாங்கனி பெற்றுக்கொண்டிருந்தால், கேட்போன் அங்கிருந்து எழுந்து போனமைக்கு நாத்திகத்தை நோவதில் என்ன பயன்?

எஞ்சியது இன்பம். கதையும் இசையும் நகைச்சுவையும் கலந்து கேட்போரைக் கட்டிவைத்தலிலே திருமுருக கிருபானந்த வாரியார் (1906–1993) ஒப்பாரும் மிக்காரும் இலராய் விளங்கினார். இலங்கையிலும் அவர் உரை கேட்கத் திரண்ட கூட்டம் பெரிது. அவர்தம் புலமையும் பக்தியும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை. சிறுவரை மேடைக்கு அருகழைத்து வினா வினவும் அவர் வழக்கத்தில் உண்மை ஆசிரியன் ஒருவனைக் காணலாம். குறை அவரிடத்ததன்று, அவரைப் பின்பற்றியோரிடத்தது. அவர் புலமையைப் பின்பற்றல் அரிதாகவே, நகைச்சுவையைப் பின்பற்றினர். பின்னர்ப் பட்டிமண்டபம் வந்தது. கம்பன் விழாக்களில் அது தமிழார்வத்தை வளர்த்தது உண்மையே. ஆனால், கைகேயி குற்றவாளியா அல்லளா என மூன்று மணிநேரம் வாதிட்டு நடுவர் தீர்ப்புரைக்கக் கேட்டு மகிழ்ந்தோர், தம் வீட்டு வழக்கு ஒன்றும் அங்கு எடுக்கப்படவில்லை என்னும் நிம்மதியோடு வெளியேறினர். இலக்கியமாக அது குற்றமன்று. அதனைச் சமயப் பணியென்று கணக்கெழுதுதலே குற்றம். வானொலி இன்னும் சுருக்கிற்று. ‘சைவ நற்சிந்தனை’ சில நிமிடங்களிற் காலைத் தேநீரோடு முடிந்தது. முகங்காணாக் கேட்போனிடத்துக் கடிந்துரைத்தல் இயலாது, இன்சொல்லே இயலும்.

உலகியற் சமூகம் என்று பழிக்கப்படுவது யாது என்பதையும் தெளிதல் வேண்டும். இலங்கை அரசு சமயச் சார்பற்றதன்று. 1972 ஆம் ஆண்டின் யாப்பும் 1978 ஆம் ஆண்டின் யாப்பும் பௌத்தத்துக்கு முதன்மையிடம் அளித்தன. 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்குப் பதிலாகப் போயா நாளே வாரவிடுமுறையாய் இருந்தது. நிறைமதிப் போயா இன்றும் விடுமுறையே. ஆகவே இங்கே மறைந்தது அரசின் சமயமன்று. தனிமனிதன் சமயத்துக்கெனக் கொடுத்த பொழுது. மற்றும், ஊர் என்ன சொல்லுமோ என்னும் அச்சத்தாற் கோயில் மண்டபத்திற் சென்று அமர்ந்த கட்டாயம் மறைந்தது. இவ்வச்சம் மறைந்ததை நலிவு என்று கூறுதல் பொருந்துமா? அச்சத்தால் வந்தவன் கேட்டான் என்பதற்கு என்ன உறுதி?

சைவ மேடை தன் கேட்போரை இழந்த கதையில் மறைக்கலாகாத ஒரு பகுதி உண்டு. 1957 இற் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேறியது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில், உள்ளே சென்று வழிபடும் உரிமை கேட்டுத் தாழ்த்தப்பட்டோர் நின்றனர். திருநாளைப்போவாரின் புராணத்தை ஆண்டுதோறும் உருகி உருகி எடுத்துரைத்த நாக்களுட் பெரும்பாலானவை அன்று அசையவில்லை. கல்லிலே நாதனைக் கண்டவர்க்கு வாயிலிலே நின்றவன் தெரியவில்லை. நாவலரும் இவ்வகையிற் சாதிவரம்பைக் காத்தவரே. அதனை மறைத்து அவரை வழிபடுதல் அவர்க்குச் செய்யும் மரியாதையன்று. கண்டிக்கும் துணிவை அவரிடமிருந்து பெற்று, அவர் கண்டிக்காது விட்டதையும் கண்டித்திருத்தல் வேண்டும். அதனைச் செய்தவர் இலர் அல்லர். விபுலானந்தர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்தபொழுது திருவேட்களத்துச் சேரியில் இரவுப் பள்ளி நடத்தினார். தமிழகத்திற் குன்றக்குடி அடிகளார் (1925–1995), ஆதீனத் தலைவராயிருந்துகொண்டே, பெரியாரொடு பகைமை பாராட்டாது பழகினார். தீண்டாமையைத் திருமுறையின் பெயராலேயே எதிர்த்தார். கிராமத் திட்டத்தால் தம் பேச்சுக்கு மெய்ப்பொருள் தந்தார். கடவுளை மறுப்போனும் எதிரே இருக்கின்றான் என்னும் நினைவோடு பேசியமையால் அவர் உரை கூர்மை பெற்றது. மறுப்போர் இல்லாத அவையில் பேசினோர் உரை மழுங்கிற்று.

மற்றொரு பக்கமும் உண்டு. ஈழத்துச் சைவரிடத்து நாவலர்க்குப்பின் ஆழ்ந்த செல்வாக்குப் பெற்றவர் யார் எனின், கொழும்புத்துறை யோகர் சுவாமிகள் (மறைவு 1964) என்றே பலர் கூறுவர். அவர் மேடையேறிச் சொற்பொழிவாற்றியவரல்லர். கொழும்பிலே பெரும்பதவி வகித்தோரும் இரவு வண்டியேறிச் சென்று அவர் குடிலில் இருந்தனர். சிலர் வைது விரட்டவும் பெற்றனர். விரட்டப்பட்டவர் மீண்டும் சென்றனர். ஆயிரவரை நோக்கிப் பேசாது ஒருவனை நோக்கிப் பேசும் பேச்சுக்குக் கேட்போர் குறையவில்லை என்பதற்கு அக்குடில் சான்று. தெல்லிப்பழைத் துர்க்கையம்மன் கோயிலிலிருந்து தங்கம்மா அப்பாக்குட்டி (1925–2008) ஆற்றிய பணியும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஆதரவற்ற பெண்பிள்ளைகளைக் காத்த கையோடு பேசினமையாலே அவ்வம்மையார் சொல் எடுபட்டது. பெண்ணொருத்தி பிரசங்கம் செய்தலையே நாவலர் காலத்து மண்டபம் கற்பனை செய்திராது.

இனிக் கொழும்புக்கு மீள்வோம். ஆடிவேல் இரதம் செட்டியார் தெருவினின்று புறப்பட்டுக் காலிமுகத்தையும் கொள்ளுப்பிட்டியையும் கடந்து பம்பலப்பிட்டி சேரும் வழியெங்கும், சிங்களரும் முஸ்லிம்களும் பறங்கியரும் நின்று பார்த்த காட்சி நகரத்தார் பலர்க்கு அறிமுகமானது. அவர்களை நோக்கிச் சைவ மேடை என்றேனும் ஒரு சொல் சொன்னதுண்டா? வேலைக் கண்டவர்க்கு அது யாதென உரைப்பார் இல்லை. சைவம் மதமாற்றம் செய்யாத சமயம் என்பது மெய்; அயலானுக்குத் தன்னை விளங்கவைக்காத சமயம் என்பது அதற்கு ஒப்பான பொருளன்று. 1983 ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்தில் அவ்வீதி எரிந்தபோது, அயலானுக்கும் தமிழனுக்கும் இடையிலிருந்த அச்சொல்லின்மையின் நீளம் தெரிந்தது. ஒரு பிரசங்கம் தீயை அணைத்திருக்கும் என்று கூறுவது பேதைமை. இருப்பினும், விளங்காதவனை வெறுத்தல் எளிதென்பது உண்மையே.

அதன் பின்னர் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோரால் வெள்ளவத்தை நிறைந்தது. நிறைந்தவாறே ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் ஒழுகியது. மாடிக் குடியிருப்புக்களில் எஞ்சியோர் முதியோர். பிள்ளைகள் விழாவுக்கு வருதல் அரிது. ஆனால் ஒரு நிகழ்ச்சிக்கு அவர்கள் தவறாது வருகின்றனர். அதுவே மரணம். பொரளையில் மலர்ச்சாலையிலே உடல் கிடத்தப்பட்டிருக்கும். சுண்ணம் இடித்துத் திருப்பொற்சுண்ணம் பாடப்படும். தமிழ் எழுதப்படிக்கத் தெரியாத பேரன் ஒருவன், உலக்கையைப் பிடிக்குமாறு பணிக்கப்பட்டு, ஏன் என்று கேட்பான். சிங்கள அயலவரும், மகனுடன் தொழில் செய்யும் கிறித்தவரும், ஒன்றையும் நம்பாத இளைஞரும் அங்கே நிற்பர். யாரேனும் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியரோ ஓதுவாரோ, இவர்கள் யாவரையும் நோக்கி விளக்கம் சொல்லவேண்டியவராகின்றார். அதிற் பாதி தமிழ், பாதி ஆங்கிலம். அடுக்குமொழிக்கு அங்கு இடமில்லை, நகைச்சுவைக்கும் இல்லை. இறந்தவர்க்கு இனி என்ன, இருப்பவர் செய்யக்கடவது என்ன என்பதை ஐந்து நிமிடத்தில், நம்பாதவனுக்கும் பொருள்படுமாறு கூறல் வேண்டும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியிலும், கல்வெட்டு வெளியீட்டிலும் இதுவே மீண்டும் நிகழும்.

இவ்வுரைகளுக்கு அறிவித்தல் அச்சிடுவாரில்லை. பேசியவர்க்குப் பொன்னாடையில்லை. சபைகள் இவற்றைச் சமயப் பணியின் கணக்கிற் சேர்ப்பதுமில்லை. பல வேளைகளில் அவை மோசமாகவே செய்யப்படுகின்றன. ஆயத்தமின்றி எழுந்த ஒருவர், இறந்தவரின் உத்தியோகப் பட்டியலை ஒப்புவித்து அமர்ந்துவிடுவார். நன்றாகச் செய்யப்படும்போதோ, பேரன் எழுந்து மறுகேள்வி கேட்கின்றான். சாவீட்டிலே கைதட்டும் வழக்கம் இல்லாமையால், பேசியவர் அக்கேள்விக்கு விடை சொல்லியே தீரவேண்டியிருக்கின்றது.